தம்பிக்கு எந்த லேப்டாப்: எண்பத்திரண்டாயிரமா, இரண்டேகால் லட்சமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் தம்பி இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறான். அவனுக்குக் கேமிங் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவன் இரண்டைக் காட்டுகிறான். ஒன்றில் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் உள்ளன. விலை 82,000 ரூபாய். மற்றதில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டும் 32 ஜிபி ரேமும் உள்ளன. விலை 2,25,000 ரூபாய். விலை கூடியதை வாங்கினால் நான்கு வருடமும் கவலையில்லை, படிப்புக்கும் அதுதான் தேவை என்கிறான். வாலோரன்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 ஆகியவற்றை விளையாடுவான். என்னிடம் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன்தான் வாங்க வேண்டும். எதை வாங்குவது? (வாசகி, திருப்பூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால் 82,000 ரூபாய் லேப்டாப்பையே வாங்குங்கள். அதுவும் கீழே நான் சொல்லும் சில சோதனைகளில் அது தேறினால் மட்டும். சீட்டுப் பணத்துக்குள்ளேயே இன்னும் பதினைந்தாயிரம் சேர்க்க முடியுமானால், 8 ஜிபி நினைவகம் கொண்ட கார்டு உள்ள லேப்டாப்பைத் தேடுவது இந்த இரண்டையும்விட நல்ல வழி. தம்பி சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. அதனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே என் முடிவுக்கான காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

அவர் சொல்லும் காரணங்களில் கனமானது படிப்பு. செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்ந்தவர்கள் முதல் ஆண்டில் படிப்பது பைத்தான், கணிதம், இயற்பியல் போன்றவைதான். பிறகு தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயந்திரக் கற்றலின் அடிப்படைகள் என்று பாடம் நகரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டே வேண்டியதில்லை. நரம்பியல் வலையமைப்புகளை (நியூரல் நெட்வொர்க்) தாமே பயிற்றுவிக்கும் கட்டத்தில்தான் கார்டு தேவைப்படும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, இந்த ஆர்டிஎக்ஸ் சிப்புகளை உருவாக்கும் என்விடியாவின் ‘கூடா’ என்ற மென்பொருள் தளம் அதில் இயங்குமா என்பதை. அது 4050இலும் இயங்கும், 5070 டிஐயிலும் இயங்கும். எஞ்சும் வேறுபாடு கார்டின் நினைவகம். 700 கோடி அளபுருக்கள் (மாதிரி கற்றுச் சேமிக்கும் எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரியை, ஓர் எண்ணுக்கு 16 பிட் என்ற வடிவில் ஏற்றுவதற்கே 14 ஜிபி நினைவகம் வேண்டும். அது 6 ஜிபியிலும் அடங்காது, இரண்டேகால் லட்ச ரூபாய் லேப்டாப்பின் 12 ஜிபியிலும் அடங்காது. அதையே 4 பிட்டாகச் சுருக்கினால் நான்கைந்து ஜிபிக்குள் வந்துவிடும், அப்போது 6 ஜிபி கார்டிலேயே சற்று நெருக்கமாகவும் 8 ஜிபி கார்டில் தாராளமாகவும் ஓடும். இதற்கு மேல் தேவைப்படும் நாள்களுக்கு, இணையம் வழியே கூகுளின் கணினியில் நிரலை ஓட்டும் கூகுள் கோலாப் சேவை இருக்கிறது. நேரக் கட்டுப்பாடுகளுடன் அது இலவசமாகவே தரும் டி4 கார்டின் நினைவகம் 16 ஜிபி. மாணவர்கள் பலர் அதில் வேலை செய்கிறார்கள். ஆகவே, படிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், கூடுதலாகக் கொடுக்கும் 1,43,000 ரூபாய்க்கு ஈடான பயன் கிடைக்காது.

இனி விளையாட்டு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல. வாலோரன்ட் மிகவும் இலேசானது. விநாடிக்கு 144 ஃப்ரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) மேல் ஓட அதைத் தயாரிக்கும் ரயட் நிறுவனமே பரிந்துரைக்கும் கார்டு, 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐதான். ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். இந்த இரண்டுக்கும் 4050 தேவைக்கு மேலேயே போதும். சைபர்பங்க் 2077தான் கனமானது. ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் வசதியை அணைத்துவிட்டு, 1920க்கு 1080 திரையில், படத்தைச் சிறிய அளவில் வரைந்து மென்பொருளால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியுடன் விளையாடினால் 4050இல் அது 60 ஃப்ரேமுக்கு மேல் ஓடும். ரே டிரேசிங்கை முழுமையாக ஏற்றினால் 6 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்சத் தகவல் மெதுவான வழியாக ரேமுக்குப் போய் வர வேண்டியிருப்பதால் காட்சி திக்கித் திக்கி நகரும். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையில் இது அவ்வளவாகத் தெரியாது, விளையாடுபவரின் கைக்குத் தெரியும். 8 ஜிபி கார்டைத் தேடச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

ஃப்ரேம் எண்ணிக்கையைப் பற்றி ஒரு கணக்கைத் தம்பி போட்டுப் பார்க்கட்டும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி. 144 என்றால் 6.9, 240 என்றால் 4.2. அறுபதிலிருந்து நூற்று நாற்பத்து நான்குக்குப் போகும்போது ஏறத்தாழ 10 மில்லி விநாடி மிச்சமாகிறது, அதைக் கண்ணும் கையும் உணரும். அங்கிருந்து இருநூற்று நாற்பதுக்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி விநாடிக்கும் குறைவு. பட்ஜெட் லேப்டாப்புகளிலேயே விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்ட பிறகு, அதற்கு மேல் கொடுக்கும் பணம் போட்டிகளில் தொழில்முறையாக ஆடுபவர்களுக்கே பயன்படும். விலை கூடிய லேப்டாப்புகளின் திரை பெரும்பாலும் 2560க்கு 1600 அளவில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1080 திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள், இதில் சுமார் 41 லட்சம். ஏறத்தாழ இரண்டு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருப்பதால், பெரிய கார்டின் கூடுதல் வலிமையில் கணிசமான பங்கு திரையைத் தெளிவாக்குவதற்கே செலவாகிறது. படம் அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. வேகம் விலைக்கு ஏற்ற விகிதத்தில் கூடாது. விளம்பரங்களில் வரும் மிகப் பெரிய ஃப்ரேம் எண்களில் பல, இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே மென்பொருளே வரைந்து செருகும் ஃப்ரேம்களையும் சேர்த்துச் சொல்லப்படுபவை. காட்சி வழுவழுப்பாகத் தெரிய அவை உதவும். மவுஸை அழுத்தியதும் விளைவு திரைக்கு வரும் தாமதத்தை அவை குறைப்பதில்லை.

‘நான்கு வருடம் கவலையில்லை’ என்ற வாதத்துக்கு வருகிறேன். என்விடியாவின் 30 வரிசை லேப்டாப் கார்டுகள் 2021இலும், 40 வரிசை 2023இலும், 50 வரிசை 2025இலும் வந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. 2021இல் மிக உயர்ந்த விலையில் விற்ற 3080 லேப்டாப் கார்டின் வேகத்தை 2023இல் நடுத்தர விலைக்கு வந்த 4070 ஏறத்தாழ எட்டிப்பிடித்தது. அண்மைத் தலைமுறையில் இந்த முன்னேற்றம் குறைந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4060க்கும் 5060க்கும் இடையே பெரிய பாய்ச்சல் இல்லை. ஆகவே இன்றைய 5070 டிஐ விரைவில் பழசாகிவிடாது என்று தம்பி சொன்னால் அது சரிதான். ஆனால் விளையாட்டுகளின் தேவையும் அதே போல் மெதுவாகத்தான் ஏறுகிறது. பெரிய விளையாட்டுகள் பெரும்பாலும் 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகிய கன்சோல்களில் (டிவியோடு இணைத்து விளையாடும் கருவிகள்) ஓட வேண்டும் என்ற அளவுகோலை வைத்தே உருவாக்கப்படுகின்றன. அந்தக் கன்சோல்கள் புழக்கத்தில் இருக்கும்வரை, விளையாட்டின் காட்சி அமைப்புகளைச் சற்றுக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு நடுத்தர லேப்டாப்பும் கைகொடுக்கும்.

இந்த நான்கு வருட வாதத்தில் விடுபடுவது வேறொன்று. லேப்டாப் பழசாவதைவிடப் பழுதாவதுதான் அடிக்கடி நடக்கிறது. கேமிங் லேப்டாப்பில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு மதர்போர்டு போனால், உயர்ரக லேப்டாப்புக்கு அதை மாற்றும் செலவில் ஒரு புதிய பட்ஜெட் லேப்டாப்பையே வாங்கிவிடலாம் என்ற நிலை வருவதுண்டு. விடுதி அறையில் தண்ணீர் சிந்துவதும், கட்டிலிலிருந்து கீழே விழுவதும், திருட்டுப் போவதும் விலையைப் பார்த்து நடப்பதில்லை. இரண்டேகால் லட்ச ரூபாயை ஒரே பொருளில் முதல் ஆண்டிலேயே போடுவதைவிட, இப்போது ஒரு லட்சத்துக்குள் முடித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டின் இறுதியில் அவருடைய வேலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுப்பது பாதுகாப்பானது.

இதனால் உயர்ரக லேப்டாப் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை அதைக் கழற்றிப் பார்க்கும்போது தெரிந்துகொள்ளலாம். சிப்புகளின் மேல் சூட்டைப் பரப்பும் அகலமான வேப்பர் சேம்பர் தகடு, பெரிய ஃபேன்கள், உலோக உடல், நிறங்களை உள்ளபடி காட்டும் திரை என ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. முப்பரிமாண அனிமேஷன், 4கே வீடியோ எடிட்டிங், கட்டடக் காட்சிப்படுத்தல் போன்றவற்றில் சம்பாதிப்பவர் என்னிடம் கேட்டிருந்தால், 12 ஜிபியிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்; பிளெண்டர் போன்ற மென்பொருளில் காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்தில் அடங்கினால்தான் ரெண்டர் (இறுதிப் படத்தை வரையும் வேலை) வேகமாக முடியும். அவர்களும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2025இல் வந்த லேப்டாப் கார்டுகளில் 5060க்கும் 8 ஜிபி, அதைவிட விலை கூடிய 5070க்கும் அதே 8 ஜிபிதான். டிஐ என்ற ஒட்டு சேர்ந்தால்தான் 12 ஆகிறது. மேசைக் கணினிக்கான 4090இல் 24 ஜிபி, அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 16 ஜிபி.

பட்ஜெட் லேப்டாப் என்று முடிவு செய்த பிறகு எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதில்தான் கவனம் தேவை. ரேமையும் எஸ்எஸ்டியையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப், குளிரூட்டும் அமைப்பு, உடல் ஆகியவற்றை மாற்ற முடியாது, திரையை மாற்றுவது செலவு பிடிக்கும். ஆகவே 512 ஜிபி எஸ்எஸ்டிக்குப் பதில் 1 டிபி தருகிறோம் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், இன்னொரு எஸ்எஸ்டியைச் செருகக் காலியான எம்.2 ஸ்லாட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடலை ஒதுக்கிவிடுங்கள். 16 ஜிபியும் ஒரே குச்சியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைப் போட்டவுடன் இரண்டும் ஒரே நேரத்தில் தகவலை அனுப்பும் இரட்டைச் சேனலில் இயங்கத் தொடங்கி, ஃப்ரேம்களும் திக்கலின்றிச் சீராகும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு எண் வாட். 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் இயங்கும் கார்டும் இருக்கிறது, 115 வாட்டில் இயங்கும் கார்டும் இருக்கிறது. மெலிதான உடலில் குறைந்த வாட்டில் கட்டிப்போட்ட 4060ஐ, நல்ல காற்றோட்டமுள்ள உடலில் முழு வாட்டில் ஓடும் 4050 நெருங்கிவிடும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் இது இருக்கும். கடையில் டெமோ லேப்டாப் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து பார்த்தாலே தெரியும். 4050 என்றால் 90 வாட்டுக்குக் குறையாததை வாங்குங்கள். கூடவே, மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால், படம் ப்ராசஸரோடு ஒட்டிய சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகாமல் நேரடியாகத் திரைக்குப் போகும். வாலோரன்ட் போன்ற வேகமான விளையாட்டுகளில் இது பலன் தரும்.

திரை விஷயத்தில் பட்ஜெட் லேப்டாப்புகள் மிகவும் சிக்கனம் பிடிக்கின்றன. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகளில் சொல்வார்கள். ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று விவரப் பட்டியலில் இருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும், சிவப்பு ஆரஞ்சாகத் தோன்றும். நாளெல்லாம் அந்தத் திரையில் நிரல் எழுதிப் படிக்கப் போகிறவருக்கு ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று போட்ட, 300 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரை கிடைக்குமானால் மூவாயிரம், நாலாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு படி உயர்ந்த கார்டைவிட இது தினசரிப் பயன் தரும்.

பழுதுபார்ப்பவன் என்ற முறையில் என் மேசைக்கு அதிகம் வரும் இரண்டு கோளாறுகளைச் சொல்ல வேண்டும். முதலாவது கீல். விலை குறைந்த லேப்டாப்புகளில் கீலின் திருகுகள், பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறு பித்தளை மரைகளில்தான் மாட்டப்பட்டிருக்கும். திரையை ஒரு மூலையில் பிடித்து வெடுக்கென்று திறந்துகொண்டே வந்தால் அந்த மரைகள் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்துவிடும். கடையில் திரையை மெதுவாகத் திறந்து மூடி, அடிப்பகுதியின் ஓரம் வாய் பிளக்கிறதா என்று பாருங்கள்; தம்பியிடம் எப்போதும் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தூசி. அடிமூடியைக் கழற்றினால், ஃபேன் காற்றைத் தள்ளும் செம்புத் துடுப்புகளின் உட்பக்கம் முழுவதும் சாம்பல் நிறத்தில் தடித்த துணிப் பட்டைபோல் தூசி அடைத்திருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது பஞ்சுத் தூசி மிதக்கும் உங்கள் ஊர்க் காற்றில் இது இன்னும் விரைவாகச் சேரும். ஏப்ரல், மே மாதங்களில் அறையின் வெப்பமே 38 டிகிரியைத் தொடும்போது, உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருப்பதால், அடைத்துக்கொண்ட லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். இது 82,000 ரூபாய் லேப்டாப்புக்கும் நடக்கும், இரண்டேகால் லட்ச ரூபாய் லேப்டாப்புக்கும் நடக்கும். மெத்தையின் மேல் வைத்து விளையாடக் கூடாது, ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பாதிக் கவலை தீரும்.

விடுதியில் அதைக் கொண்டுபோய் வருவதையும் யோசியுங்கள். உயர்ரகக் கேமிங் லேப்டாப்புகளில் பல, அடாப்டருடன் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டிவிடும். எந்தக் கேமிங் லேப்டாப்பானாலும் மின்சாரம் இல்லாமல் பாட்டரியில் முழு வேகத்தில் ஓடாது. அடாப்டரின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருக வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். எர்த் இணைப்பு இல்லாதபோது உலோகப் பகுதியைத் தொட்டால் கையில் மெல்லிய சுரீரென்ற உணர்வு வருவது அதனால்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, தனிநபர் கடனுக்குப் பதிலாகக் கடையில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று காட்டினால், வட்டி அங்கும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்; அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். மிச்சப்படும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது, ஓராண்டு உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டித்து, விபத்துச் சேதத்துக்கும் பாதுகாப்பு எடுப்பது. ரேம் போட மூடியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். ஜிடிஏ 6க்காகவே பெரிய கார்டு வேண்டும் என்று தம்பி கேட்டால், நான் இதை எழுதும்போது அது கன்சோல்களுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

லேப்டாப் கைக்கு வந்த அன்றே மின்சாரத்தில் இணைத்து, சைபர்பங்கை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, ஃப்ரேம் எண்ணிக்கை பத்தாவது நிமிடத்துக்கும் முப்பதாவது நிமிடத்துக்கும் இடையே சரிகிறதா என்று தம்பி குறித்துக்கொள்ளட்டும். திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்துப் புள்ளிகள் செத்திருக்கின்றனவா, ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்கட்டும். மாற்றித் தரும் காலம் சில நாள்களே இருக்கும் என்பதால், விடுதிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே வீட்டில் இதை முடித்துவிட்டு, அதுவரை பெட்டியையும் பில்லையும் உள்ளே வந்த அட்டைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.